பேஷண்ட் என்ற சொல்லுக்குள் இருந்தவள்

தசையை ஆங்கிலத்தில் மஸில் என்கிறோமே, அந்தச் சொல்லுக்குச் 'சின்ன எலி' என்று அர்த்தம். இதை எங்கள் டொக்டர் சொல்லி முதன்முதலில் கேட்டபோது நான் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கிழவரின் புயத்தில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. புயத்தை மடக்கினால் தோலுக்கடியில் ஏதோ ஓடி ஒளிவதுபோலத் தெரிகிறதல்லவா, அதைப் பார்த்துப் பழைய ரோமாபுரிக்காரர் வைத்த பெயராம். அதுவரை எத்தனையோ ஆயிரம் எலிகளுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன், ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. கிழவர், "என்ன மிஸ்ஸி, மருந்து முடிஞ்சுதோ?" என்று கேட்ட பிறகுதான் மிச்சத்தை ஏற்றினேன்.

நான் பிலோமினா. மன்னார்த் தீவில் பிறந்து, இந்தக் கரையிலேயே தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்போது தெற்கிலிருந்து வருகிற சிங்கள இளம் டொக்டர்மாருக்கு ஆஸ்பத்திரியிலேயே தமிழ் வகுப்பு வைக்கிறார்களாம். நல்ல விஷயம், இன்னும் முந்தியே வைத்திருக்கலாம். அதையொட்டிப் புதிதாக வந்த தாதிப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு, "மிஸ்ஸி, உங்கட காலத்தில டொக்டருக்கும் சனத்துக்கும் நடுவில நிண்டு எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டார்கள். தேநீரும் பற்றிசும் தந்ததால் சிரிக்கக்கூடிய கதைகளை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மற்றதை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக்காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எலும்புக்கும் நரம்புக்கும் நோய்க்கும் ஆங்கிலப் பெயர்களைச் செபம்போலப் பாடமாக்கினோம். செபத்துக்காவது அர்த்தம் தெரியும். இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எங்களுக்கு நேரமில்லை. பிறகு சண்டை, இடப்பெயர்வு, முகாம் என்று காலம் போய்விட்டது. எல்லாம் ஓய்ந்து நான் மன்னார் ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டுக்குப் பொறுப்பாக வந்தபோதுதான் டொக்டர் சேனக வந்து சேர்ந்தார்.

தென்பகுதிச் சிங்களவர். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசியதை நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் 'நோகுதா', 'ஓம்', 'இல்லை' என்பதோடு முடிந்தது. என்னுடைய சிங்களம் சோதனைச்சாவடியில் அடையாள அட்டை காட்டுவதற்கு மட்டும் போதுமானது. ஆகவே எங்கள் இருவருக்கும் நடுவில் ஆங்கிலம் நின்றது. இரண்டு பேருக்கும் அது சொந்தமில்லை என்பதால் இரண்டு பேரும் கவனமாகப் பேசினோம்.

அவர் வாட்டைச் சுற்றிவரும் முறையைச் சொல்ல வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசமாட்டார். நோயாளியின் முகம் தெரிகிற மாதிரி பக்கத்தில் வந்து நிற்பார். நான் தலைமாட்டில் நிற்பேன். அவர் ஒரு சின்ன வசனம் சொல்லி நிறுத்துவார். நான் தமிழில் சொல்வேன். நோயாளி சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்லும்போது 'இவவுக்கு நோகுதாம்' என்று சொல்லக்கூடாது, 'எனக்கு நோகுது' என்றுதான் சொல்ல வேண்டும். முதல் கிழமை எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே காலையில் நான் மூன்று பிள்ளை பெற்றவளாகவும், மலச்சிக்கல்காரியாகவும், புருஷன் அடித்துக் கை முறிந்தவளாகவும் இருந்தேன். பிறகு அதன் நியாயம் விளங்கியது. 'இவவுக்கு' என்று சொன்னால் கட்டிலில் கிடக்கிறவள் கொஞ்சம் தூரமாகப் போய்விடுகிறாள்.

அவருடைய இன்னொரு கட்டளை, சொல்லை மூடியபடி தூக்கிக்கொண்டு போய் நோயாளியின் கையில் கொடுக்காதே என்பது. திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார், பார்த்ததை அவளுக்குச் சொல் என்பார். அப்படித் திறந்து காட்டுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே எனக்கு நெஞ்சு இடிக்கும், இன்றைக்கு என்ன குண்டு விழப்போகிறதோ என்று.

ஒவ்வொன்றும் குண்டுதான். சத்திரசிகிச்சை செய்கிற இடத்தை ஏன் தியேட்டர் என்கிறோம்? அந்தக் காலத்தில் படிப்படியாக வாங்கு போட்டு, ஆளை உயிரோடு வெட்டுவதை மாணவர்கள் உட்கார்ந்து பார்த்தார்களாம். மயக்கமருந்தும் இல்லை. தினமும் அந்தக் கதவால் போய்வந்த நான் அன்றைக்கு அந்த வாங்குகள் எங்கே இருந்திருக்கும் என்று சுற்றிப் பார்த்தேன். நைஸ் என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறோமே, அது முன்பு மடையன் என்ற வசவாம். நேர்ஸ் என்றால் பால்கொடுத்து வளர்ப்பவள். அம்புலன்ஸ் என்றால் நடக்கிறது, போர்க்களத்துக்குப் பின்னாலேயே நடந்து திரிந்த ஆஸ்பத்திரியாம். எமேர்ஜென்சி என்றால் தண்ணீருக்குள் கிடந்தது திடீரென்று மேலே கிளம்புவது. இதை மட்டும் நான் உடனே ஏற்றுக்கொண்டேன், கடற்கரையில் பிறந்தவளுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒருமுறை நானும் அவரை அதிர வைத்தேன். கண்ணின் கருமணிக்கு ஆங்கிலத்தில் பியூப்பில் என்று பெயர். குட்டிப் பொம்மை என்று அர்த்தம், எதிரே நிற்பவரின் உருவம் அதில் குட்டியாகத் தெரிவதால் வந்தது என்றார். நான், "டொக்டர், நாங்களும் அதைப் பாவை என்றுதான் சொல்கிறோம். பாவை என்றாலும் பொம்மைதான்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட மறந்துபோய் என்னைப் பார்த்தார். ஒன்றையொன்று கண்டிராத இரண்டு சனங்கள் ஒரே கண்ணுக்குள் ஒரே பொம்மையைக் கண்டிருக்கிறார்கள் என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை.

எல்லாமே சந்தோஷமான அதிர்ச்சி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தைத் தலைமன்னார் பழைய இறங்குதுறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கிய இடம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கூலி என்று ஆங்கிலத்தில் ஒரு மனிதனையே இழிவாகக் கூப்பிடுகிறார்களே, அது உங்கள் தமிழிலிருந்து எடுத்தது என்றுதான் பலர் சொல்கிறார்கள் என்றார். எங்களுக்குக் கூலி என்றால் உழைத்தவன் கைக்கு வரவேண்டிய காசு. வரவேண்டிய காசைப் பிடுங்கிவிட்டு அதன் பெயரை மட்டும் அவன் நெற்றியில் ஒட்டிவிட்டார்களா என்று எனக்குக் கொதித்தது. அவருடைய மனைவி நொங்கு வாங்கித் தந்தும் என் முகம் மாறவில்லையாம்.

பேஷண்ட் என்ற சொல்லை மட்டும் அவர் எனக்கு நெடுநாள் திறந்து காட்டவில்லை. அது ரெஜினா வந்த அன்று நடந்தது.

ரெஜினா தலைமன்னார்ப் பக்கத்துக் கரையூர் ஒன்றைச் சேர்ந்தவள். முப்பது வயது இருக்கும். ஒரு பெண்பிள்ளை. புருஷன் அருள், படகில் போகிறவன். காலையில் கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். மாமியார் ஓட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். அருள் அப்போது கடலில். கட்டிலில் ஏற்றியபோதே எனக்குப் பிடிக்கவில்லை. உதடு சாம்பல் பூத்திருந்தது, கை குளிர்ந்து வியர்த்தது, நாடி நூல்போல ஓடியது. வெளியே ஒரு சொட்டு இரத்தமில்லை. கரு கருப்பைக்கு வந்து சேராமல் வழிக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, இரத்தம் முழுவதும் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. திறந்து கட்டினால் பிழைப்பாள். கட்டாவிட்டால் போய்விடுவாள். நடுவில் வேறு ஒன்றும் இல்லை.

தியேட்டரில் அப்போது வேறொருத்திக்கு வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மயக்கமருந்து கொடுக்கிறவர் ஒருவர்தான். அது முடியும்வரை சேலைன் ஏற்றி, இரத்தம் எடுப்பித்து, அவளைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். டொக்டர் சேனக தியேட்டருக்கும் வாட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

அது கோயிலிலிருந்து நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவருகிற நாள். பாதர் வாசலில் நின்றார். புதிதாகக் குருப்பட்டம் பெற்றவர், நல்ல பிள்ளை. உள்ளே விடலாமா என்று டொக்டரைக் கேட்டேன். அந்த அவசரத்திலும் அவர் சொல்லை விடவில்லை. ஹொஸ்பிட்டல் என்பதே விருந்தாளியைக் குறிக்கிற சொல், குருமார் யாத்திரிகருக்கு நடத்திய மடம், அவர் தன் வீட்டுக்கு வருகிறார், நாங்கள்தான் இங்கே விருந்தாளிகள் என்றார். எங்கள் 'ஆஸ்பத்திரி'யும் போர்த்துக்கேயர் வாயால் வந்த அதே சொல்தான். பாதர் உள்ளே போனார். நான் இரத்தத்துக்கு ஆள் அனுப்பப் போனேன்.

திரும்பி வந்தபோது ரெஜினாவின் நெற்றியில் எண்ணெய் மினுங்கியது.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிப்பது எங்கள் திருவருட்சாதனங்களில் ஒன்று. இப்போது அதற்கு நோயில்பூசுதல் என்று பெயர். சுகத்துக்காகத்தான் பூசுகிறார்கள், பாதர் அப்படித்தான் படித்திருந்தார். ஆனால் எங்கள் கரையில் அதற்குப் பெயர் அவஸ்தை. அவஸ்தை கொடுத்தாயிற்று என்றால் ஆள் முடிந்தது, இனி மெழுகுதிரி கொளுத்தவேண்டியதுதான் மிச்சம். அதனால்தான் கடைசி மூச்சுவரை குருவானவரைக் கூப்பிடமாட்டார்கள். வாசலில் நின்ற மாமியார் எண்ணெயைக் கண்டிருக்கிறார். சத்தம் போடாமல், சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கைத்தொலைபேசியோடு வெளியே போயிருக்கிறார். அதை நான் காணவில்லை.

தியேட்டர் இன்னும் ஒழியவில்லை. முதல் போத்தல் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ரெஜினா கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். அப்போது அருள் வாட்டுக்குள் வந்தான். வெறுங்கால், முழங்காலில் உப்பும் மணலும். கையில் ஒரு துணிப்பை. கட்டிலைக் கண்டதும் சுவரில் முட்டியவன்போல நின்றான்.

ரெஜினா அவனைப் பார்த்து, "இண்டைக்குக் கடலுக்குப் போகேல்லையே?" என்று கேட்டாள்.

பை அவன் கையிலிருந்து நழுவியது. உள்ளேயிருந்து ஒரு சிவப்புச் சீலையின் சரிகைக்கரை வெளியே விழுந்தது. அவளுடைய கலியாணச் சீலை. எங்கள் ஊர்களில் சுமங்கலியாகப் போகிறவளை அதை உடுத்தித்தான் பெட்டியில் வைப்பார்கள்.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"மணி அடிச்சாச்சு, மிஸ்ஸி."

"என்ன மணி?"

"துக்கமணி. இவவுக்குத்தான். கரைக்கு வரேக்க கேட்டுது. ஆருக்கெண்டு கேட்டன். என்னைப் பாத்துச் சனம் அழுதுது."

நான் ரெஜினாவின் நாடியை மறுபடி பிடித்துப் பார்த்தேன். எத்தனையோ சாவு பார்த்தவள் நான். உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு மணி அடித்ததை அன்றுதான் கேட்டேன். ஊரில் படகுகளை இழுத்து ஏற்றிவிட்டார்கள், துக்கவீட்டு நாளில் ஒருத்தரும் வலை போடுவதில்லை. வீட்டில் கதிரை போட்டாயிற்று. அவன் வான் பிடித்துக்கொண்டு உடலை எடுக்க வந்திருக்கிறான். எல்லாம் மாமியார் ஊருக்கு எடுத்த ஒரு அழைப்பால்.

அந்நேரம் டொக்டர் சேனக தியேட்டர் உடுப்போடு ஓடிவந்தார். இடம் ஒழிந்துவிட்டது, உடனே எடுக்க வேண்டும் என்றார். நான் சொன்னதும் அருள் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றான்.

"அவஸ்தை குடுத்த ஆளை வெட்டப்போறியளோ? இங்க செத்தால் விசாரணை எண்டு மறுபடியும் வெட்டிக் கிழிச்சுத்தான் தருவினம். மூச்சு இருக்கேக்க வீட்டை கொண்டுபோறன். சனம் முழுக்க வந்து இருக்குது."

கோபமில்லை, கெஞ்சினான். நான் அதை ஒரு சொல்லும் விடாமல், 'நான் கொண்டுபோகிறேன்' என்று அவனுடைய நானாகவே டொக்டருக்குச் சொன்னேன். மணி அடித்ததையும் சொன்னேன். டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. யாருக்கு அடித்தார்கள் என்று இரண்டாம் தரமும் கேட்டார். விளங்கியதும் திரும்பி ரெஜினாவைப் பார்த்தார்.

பாதர் பக்கத்து வாங்கில் இருந்து எழுந்து, "அருள், அது சாவுக்கு இல்லையப்பா. சுகம் வரட்டும் எண்டுதான் பூசினனான்" என்றார்.

"பூசினது நீங்கள்தானே, பாதர்" என்றான் அருள். மாமியார் வாசலில் நின்று செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார். மற்றக் கட்டில்காரிகளும் எழும்பி உட்கார்ந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். கொண்டுபோக விடுங்கோ என்றாள் ஒருத்தி, ஐயோ பாவம் என்றாள் இன்னொருத்தி.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த நேரத்திலா என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மிஸ், இவ்வளவு நேரமும் அவளைத் தவிர எல்லோரும் பேசியாயிற்று. பேஷண்ட் என்றால் என்ன தெரியுமா? தாங்கிக்கொள்கிறவள். வாய் திறக்காமல் பொறுத்துக் கிடக்கிறவள். அந்தப் பெயரை வைத்துத்தான் நாங்கள் ஆளைக் கூப்பிடுகிறோம். அவளைக் கேளுங்கள்."

அந்த வாட்டில் அன்றைக்கு விழுந்த எல்லா இடியிலும் இதுதான் என்னை ஆழமாகத் தாக்கியது. ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும், ஒவ்வொரு போத்தலிலும் நான் எழுதிவந்த சொல். வருகிற ஆளைப் பேசாமல் கிட என்று சொல்லித்தான் இத்தனை காலமும் வரவேற்றிருக்கிறோம். கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாததில் என்ன அதிசயம்?

குனிந்து அவள் காதருகே போனேன். "பிள்ளை, ரெஜினா, கேள். கரு வாற வழியில நிண்டு வெடிச்சுப்போச்சு. வயித்துக்குள்ள இரத்தம் போகுது. இப்ப திறந்து கட்டினால் நிக்கும். வீட்டை போனால் பாதி வழியிலேயே முடிஞ்சிடும். நீ என்னம்மா சொல்லுறாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்:

"அப்ப நான் இன்னும் சாகேல்லையே, மிஸ்ஸி?"

நான் டொக்டர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "நான் இன்னும் சாகவில்லையா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத் தமிழில், "இல்லை" என்றார்.

ரெஜினாவின் கண் கீழே கிடந்த பைக்குப் போனது. "அந்தச் சீலையை மடிச்சுப் பெட்டகத்தில வைக்கச் சொல்லுங்கோ" என்றாள். "நான் தியேட்டருக்குப் போறன்."

அருள் குறுக்கே நின்ற இடத்திலிருந்து விலகினான். விலகி, தரையில் உட்கார்ந்து, சீலையை மடியில் எடுத்து வைத்து மடிக்கத் தொடங்கினான். மடிப்பு நேராக வரவில்லை. சம்மதப் பத்திரத்தில் அவள் கையெழுத்தும் கோணலாகத்தான் விழுந்தது. தள்ளுகட்டிலை நானும் டொக்டரும் சேர்ந்து தள்ளினோம்.

வயிறு முழுக்க இரத்தம். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் முடிந்திருக்கும் என்றார் டொக்டர். அவள் பிழைத்தாள்.

அருள் விறாந்தைக்குப் போய் ஊருக்கு அழைப்பெடுத்தான். பக்கத்தில் நின்ற எனக்கு மறுமுனைச் சத்தமும் கேட்டது. நம்பவே இல்லை அவர்கள். நம்பிய பிறகு கோயில் மூப்பர் கேட்டார், "அப்ப இப்ப என்ன மணியடா அடிக்கிறது?" சாவுக்கு ஒரு மணி இருக்கிறது, பூசைக்கு ஒன்று, திருநாளுக்கு ஒன்று. செத்தவள் சாகவில்லை என்பதற்கு எங்களிடம் மணி இல்லை.

மறுநாள் காலை ரெஜினாவுக்கு முகம் கழுவிவிட்டேன். பேசக்கூடிய தெம்பு வந்திருந்தது. அவள் முதலில் கேட்டது வலியைப் பற்றியல்ல.

"பிள்ளைக்கு ஆர் சொன்னது?"

அருள் தலையைக் குனிந்துகொண்டான். ஆறு வயதுப் பிள்ளை. வெள்ளைச் சட்டை போட்டு, நடுவீட்டில் இருத்தி, வந்த பெண்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். அம்மா ஆண்டவரிடம் போய்விட்டா என்று பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பிறகு வேறு மாதிரிச் சொன்னதைப் பிள்ளை ஏற்கவில்லை. இரவு முழுவதும் ஒருவரோடும் பேசவில்லையாம்.

"எடுத்துத் தாங்கோ" என்றாள்.

அருள் அழைத்து, தொலைபேசியை அவள் காதில் வைத்துப் பிடித்தான். ஊரில் யாரோ பிள்ளையின் காதிலும் அப்படித்தான் பிடித்திருப்பார்கள்.

"மகள், அம்மா கதைக்கிறன்."

மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மாதான், ராசாத்தி. கேக்குதா?"

மெல்ல, பயந்துபோன ஒரு குரல் வந்தது.

"அம்மா, எங்க இருந்து கதைக்கிறீங்க?"

அருள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். என் வேலைக்காலம் முழுவதும் அடுத்தவருடைய சொல்லைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். இதை ரெஜினாவே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது.

"மன்னாரில இருந்து, மகள்" என்றாள் ரெஜினா. தையல் இழுக்க இழுக்க, வயிற்றைப் பொத்திக்கொண்டு திரும்பவும் சொன்னாள். "மன்னாரில இருந்துதான் கதைக்கிறன். அம்மா பஸ்ஸில வருவன்."